பழுதாகும் வன்தட்டிலிருந்து தரவை மீட்டல்: அறிகுறியைக் கொண்டு வழி காணும் முறை

பழுதாகிக்கொண்டிருக்கும் வன்தட்டில் இன்னும் எவ்வளவு வாசிப்பு மிச்சமிருக்கிறது என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அது இன்னும் ஒரு மாதம் ஓடலாம்; அடுத்த முறை மின்சாரம் கொடுக்கும்போதே நின்றும் போகலாம். ஆகவே, நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மிச்சமிருக்கும் அந்த வாசிப்பை எதற்குச் செலவிடுகிறோம் என்ற கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும். சோதிப்பதற்கும், பழுதுபார்ப்பதற்கும், கழற்றிக் கழற்றிச் செருகிப் பார்ப்பதற்கும் அதைச் செலவழித்துவிட்டால், பிரதி எடுக்க வேண்டிய நேரத்தில் தட்டு ஒத்துழைக்காது. முதலில் பிரதி, பிறகுதான் பழுதுநீக்கம் என்ற வரிசையை எந்தச் சூழலிலும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன்

அறிகுறி தென்பட்டதுமே அந்தத் தட்டில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள். மென்பொருள் நிறுவுவது, கோப்புகளை இடம் மாற்றுவது, மீட்பு மென்பொருளையே அந்தத் தட்டில் பதிவிறக்குவது ஆகிய யாவும் எழுதுதலே. இயங்குதளம் இருக்கும் தட்டே பழுதாகியிருந்தால் கணினி சும்மா இயங்கிக்கொண்டிருப்பதும் எழுதுதல்தான். விண்டோஸ் பின்னணியில் பதிவேடுகளையும் பேஜிங் கோப்பையும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கணினியை முறைப்படி அணையுங்கள். அணைக்கும்போதே அது பல நிமிடங்கள் உறைந்து நின்றால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துவதே மேல்.

அடுத்து, பழுதான தட்டைத் தொடாமலேயே இரண்டு பொருள்களைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, பிரதியை வைக்க ஒரு நல்ல தட்டு. அது பழுதானதைவிடக் கொள்ளளவில் பெரியதாக இருக்கட்டும்; 1 டெராபைட் என்று அச்சிட்ட இரு தட்டுகள் சில செக்டார்கள், அதாவது தரவைப் பிரித்து வைக்கும் சிறு கட்டங்கள், வேறுபடக்கூடும், அந்தச் சில செக்டார்கள் குறைந்தாலும் முழுப் பிரதி உள்ளே அடங்காது. பிரதியை ஒரே கோப்பாகச் சேமிப்பதானால், அந்த நல்ல தட்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கக் கூடாது, ஏனெனில் அம்முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க இயலாது. மற்றொன்று, பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ். சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற மீட்புத் தொகுப்புகளில் இங்கே குறிப்பிடப்படும் கருவிகள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், தட்டை இணைத்த கணத்திலிருந்து அதை யார் தொடுகிறார்கள் என்பதை நாமே கட்டுப்படுத்தலாம் என்பதுதான். விண்டோஸில் தட்டை இணைத்ததுமே அது கோப்பு முறைமையைத் திறக்க முயலும், படங்களுக்குச் சிறுதோற்றம் உருவாக்கும், தேடல் அட்டவணை தயாரிக்கும். சில வேளைகளில் கணினி தொடங்கும்போதே செக்டிஸ்க் என்ற கோப்பு முறைமைச் சோதனையையும் தானாக ஓட்டிவிடும். அந்தச் சோதனைத் திரை தோன்றினால், தரப்படும் சில விநாடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: தட்டு சுழலவே இல்லை, எந்த ஒலியும் இல்லை

பயமுறுத்தும் அறிகுறி இது என்றாலும், தரவு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு கணிசமாக உள்ள நிலையும் இதுவே. தரவைத் தாங்கும் தகடுகளுக்கு எதுவும் நேராமல், மின்சாரம் மட்டும் வந்து சேராதிருக்கலாம். வெளிப்புறத் தட்டாக இருந்தால் வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை, வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை வரையறைப்படி 500 மில்லிஆம்பியர் வரையே தரும், 2.5 அங்குலத் தட்டுகள் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கலாம். எனவே ஹப் வழியாக இணைக்காமல், கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் தேவை என்பதால், அதற்குரிய அடாப்டர் வேலை செய்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

வெளிப்புறப் பெட்டியிலிருந்து கழற்றிய 3.5 அங்குலத் தட்டைக் கணினிக்குள் பொருத்தியதும் அது சுழல மறுத்தால், தட்டு செத்துவிட்டதாக உடனே முடிவு செய்ய வேண்டாம். தட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா முறையின் புதிய வரையறையில் மின் இணைப்பின் 3ஆம் முள் தட்டை அணைத்து வைக்கும் சமிக்ஞைக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. பழைய பவர் சப்ளைகள் அதே முள்ளில் 3.3 வோல்ட் கொடுப்பதால், தட்டு அதை அணைந்திருக்கும்படி வந்த கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. 3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் மாற்றி வழியாக மின்சாரம் கொடுத்தால் அத்தகைய தட்டு வழக்கம்போல ஓடும்.

தவறான அடாப்டரைச் செருகிய பிறகு தட்டு நின்றுபோயிருந்தால், சர்க்யூட் போர்டில் உள்ள டிவிஎஸ் டயோடு தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. 5 வோல்ட் தடத்திலும் 12 வோல்ட் தடத்திலும் காவலாக நிற்கும் இந்த டயோடு, மிகை மின்னழுத்தம் வந்தால் தான் ஷார்ட் ஆகிவிடும். அதை மல்டிமீட்டரால் கண்டறிந்து நீக்குவது மின்னணுவியல் தெரிந்தவருக்குச் சிறிய வேலை. ஆனால் நீக்கிய பின் காவல் இல்லை என்பதால் சரியான, நல்ல அடாப்டரைக் கொண்டு ஒரே ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இதே மாதிரி எண் கொண்ட இன்னொரு தட்டின் போர்டை எடுத்து மாட்டினால் போதும் என்ற பரவலான யோசனை, பழைய தட்டுகளோடு முடிந்துபோன ஒன்று. தற்காலத் தட்டுகள் ஒவ்வொன்றின் வாசிக்கும் தலைகளுக்கும் தகடுகளுக்கும் தனித்தனியே அளந்த திருத்தங்கள் போர்டிலுள்ள ராம் அல்லாத நிலைநினைவகச் சிப்பில், அதாவது ரோமில், எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ பழைய போர்டிலிருந்து மாற்றாமல் புதிய போர்டைப் பொருத்துவதால் பயனில்லை, சில வேளைகளில் தீங்கும் உண்டு.

அறிகுறி: மெல்லிய பீப் ஒலி, அல்லது சுழல முயன்று நிற்பது போன்ற முனகல்

மோட்டார் திரும்ப முயன்று முடியாமல் தவிக்கும்போது எழும் ஒலி இது. முதலில் மேலே சொன்ன மின்சாரச் சோதனையைச் செய்யுங்கள், ஏனெனில் மின்சாரம் போதாதபோதும் இதே ஒலி வரும். மின்சாரம் சரியாக இருந்தும் ஒலி தொடர்ந்தால், வாசிக்கும் தலைகள் தம் ஓய்விடத்துக்குத் திரும்பாமல் தகட்டின் மேல் ஒட்டி நிற்கின்றன, அல்லது சுழல்தண்டின் தாங்கி இறுகிவிட்டது என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்த மடிக்கணினித் தட்டுகளில் இது அடிக்கடி நேரும். ஒட்டிய தலையோடு தகட்டை வலிந்து சுழலவைத்தால் தலை பிய்ந்து தகட்டைக் கீறும். தட்டையே உதறுவதும் தட்டுவதும் அந்தக் கீறலுக்குத்தான் இட்டுச்செல்லும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இங்கே இல்லை.

அறிகுறி: டிக், டிக் என்று சீரான இடைவெளியில் தட்டும் ஒலி

தகட்டின் மேல், தரவுக்கு இடையிடையே, தலை தான் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கான சர்வோ குறிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. தலை பழுதானாலோ, தகட்டின் மேற்பூச்சு சேதமானாலோ, தலையால் அந்தக் குறிகளை வாசிக்க முடியாது. கை குறுக்கே வீசிச் சென்று எல்லையில் இடிக்கும், திரும்பும், மீண்டும் வீசும். நாம் கேட்பது அந்த இடியைத்தான். சில சுற்றுகளுக்குப் பிறகு தட்டு தானே சுழல்வதை நிறுத்திக்கொள்ளும்.

இந்த நிலையில் உங்கள் கையில் உள்ள எந்த மென்பொருளும் உதவாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன். தட்டைக் கண்டுகொள்ளவே முடியாத கணினியில் எந்த மென்பொருள் எதை வாசிக்கும்? ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் சேதமான தலை தகட்டை உரசுகிறது. உரசிய துகள்கள் உள்ளே பறந்து நல்ல தலைகளையும் கெடுக்கின்றன. மின்சாரக் குறையால் தட்டும் ஒலி எழுவது உண்டு என்பதால், நல்ல கேபிளிலும் நல்ல துளையிலும் ஒரே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நியாயம். அதற்கு மேல் வேண்டாம்.

தட்டை உறைவிப்பானில் வைத்து எடுத்தால் சிறிது நேரம் வேலை செய்யும் என்ற ஆலோசனை இன்னும் உலவுகிறது. குளிர்ந்த தகட்டின் மேல் ஈரம் படியும். தற்காலத் தட்டில் தலை தகட்டுக்கு மேலே மிதக்கும் உயரம் சில நானோமீட்டர்கள் மட்டுமே. அந்த இடைவெளியில் நீர்த்துளி என்பது மலை. அதே காரணத்தால் மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. நம் கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அதிகக் கொள்ளளவுள்ள பல தட்டுகளில் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் நிரப்பி மூடி முத்திரையிடப்பட்டிருக்கிறது. அவற்றைத் திறந்தால் தலைகள் சரியான உயரத்தில் மிதப்பதற்கான சூழலே போய்விடும்.

அறிகுறி: ஒழுங்காகச் சுழல்கிறது, ஆனால் கணினி கண்டுகொள்ளவில்லை, அல்லது கொள்ளளவைத் தவறாகக் காட்டுகிறது

வெளிப்புறத் தட்டானால், தட்டுக்கும் யுஎஸ்பிக்கும் இடையே மொழிமாற்றம் செய்யும் சிறு பாலப் பலகை பழுதாகியிருக்கலாம். பெட்டியைக் கழற்றி, உள்ளே வழக்கமான சாட்டா இணைப்பு இருந்தால் கணினியில் நேரடியாகப் பொருத்திப் பார்க்கலாம். சிறிய வெளிப்புறத் தட்டுகள் பலவற்றில் யுஎஸ்பி துளை தட்டின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இந்த வழி இல்லை.

நேரடியாகப் பொருத்தியதும் தட்டு தெரிந்து, உள்ளே எதுவும் இல்லாதது போலக் காட்டினால் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சில பாலப் பலகைகள் 512 பைட் செக்டார்களை 4096 பைட்டாகத் தொகுத்துக் கணினிக்குக் காட்டும். பலகை நீங்கியதும், தட்டின் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள எண்கள் பொருந்தாமல் போகும். வேறு சில பலகைகள், பயனர் கடவுச்சொல்லே வைக்காத நிலையிலும், எல்லாத் தரவையும் குறியாக்கம் செய்தே தகட்டில் எழுதும். அந்தப் பலகை இல்லாமல் தரவு வெறும் இரைச்சலாகவே தெரியும். ஆகவே பழைய பலகையைத் தூக்கி எறியாமல் தட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கணினிக்குள் இருந்த தட்டே பயோஸில் தெரியாமல் போனாலோ, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்த்த பின், ஃபர்ம்வேர் எனப்படும் இயக்க நிரலைச் சந்தேகிக்க வேண்டும். தட்டின் இயக்க நிரலில் பெரும்பகுதி தகட்டிலேயே தனி ஒதுக்கிடத்தில் உள்ளது. அங்கே ஒரு பகுதி கெட்டால் தட்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே இயலாது. சீகேட் பாரகுடா 7200.11 வரிசைத் தட்டுகள் 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பரவலாகப் பேசப்பட்டது இத்தகைய ஃபர்ம்வேர் பிழைக்காகத்தான். தகடுகளும் தலைகளும் நலமாக இருந்தும் தட்டுகள் கணினியின் கண்ணிலிருந்து மறைந்தன. ஃபர்ம்வேர் நிலை சரிசெய்யப்பட்ட தட்டுகளில் தரவு அப்படியே இருந்தது. இதைச் சரிசெய்யத் தனிக் கருவிகள் தேவை. இணையத்தில் கிடைக்கும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைப் பழுதான தட்டில் ஏற்றிப் பரிசோதிப்பது மட்டும் வேண்டாம்.

அறிகுறி: தட்டு தெரிகிறது, ஆனால் மிகவும் மெதுவாக இருக்கிறது, கோப்பைத் திறந்தால் கணினி உறைகிறது

வீட்டிலேயே பொறுமையோடு மீட்கக்கூடிய நிலைகளில் இதுவே முதன்மையானது. அதே சமயம் அவசரத்தால் அதிகம் கெடுக்கப்படுவதும் இதுவே. தகட்டில் சில செக்டார்கள் வாசிக்க முடியாதவையாகிவிட்டன. அத்தகைய ஒரு செக்டாரைக் கேட்டால், தட்டு உடனே முடியாது என்று சொல்லிவிடாமல், தலையின் நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல விநாடிகள் முயலும். அது தோற்றதும் இயங்குதளம் மறுபடியும் கேட்கும். இப்படி ஒரே இடத்தில் தலை மீண்டும் மீண்டும் உழைப்பதைத்தான் நாம் உறைந்துபோன திரையாகப் பார்க்கிறோம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் டிஸ்க் என்ற மூலத்தின் கீழ் 7, 51, 153 ஆகிய எண்களில் பதிவுகள் குவிந்திருந்தால் இந்த ஐயம் வலுப்படும்.

தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை ஒருமுறை பார்ப்பதால் தீங்கில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பு அதற்குப் போதும். 5ஆம் எண் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களையும், 197ஆம் எண் வாசிக்க முடியாமல் காத்திருப்பவற்றையும், 198ஆம் எண் திருத்த முடியாதவற்றையும் குறிக்கின்றன. இவை பூஜ்யமாக இருந்து, தட்டுக்கும் கணினிக்கும் இடையிலான பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். கேபிளை மாற்றியதும் வேகம் திரும்பிவிடும். ஆனால் ஸ்மார்ட் நலம் என்று சொல்வதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, 56 விழுக்காட்டுக்கும் அதிகமானவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. குறி தோன்றிவிட்டால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு: தட்டு தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை தென்பட்டால், அந்தத் தட்டு, பிழையற்ற தட்டைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு என்று அதே ஆய்வு கண்டது. குறிப்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீண்ட சுயசோதனையை ஓட்டாதீர்கள். அந்தச் சோதனை தகடு முழுவதையும் வாசிக்கும், ஆனால் வாசித்ததில் ஒரு பைட்டைக்கூட உங்களிடம் தராது.

பிரதி எடுக்க வேண்டிய கருவி குனூ டிடிரெஸ்க்யூ (ddrescue). அந்தோனியோ தியாஸ் 2004 முதல் உருவாக்கிப் பராமரித்து வரும் இந்தக் கட்டற்ற மென்பொருளின் அருமை அதன் வரிசையில் இருக்கிறது. சாதாரண நகல் நிரல், கெட்ட செக்டாரை எதிர்கொண்டதும் அங்கேயே மல்லுக்கு நிற்கும், அல்லது வேலையைக் கைவிடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிச் சென்று, எளிதில் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்கிறது; அதன் பிறகே கெட்ட பகுதிகளின் ஓரங்களை நறுக்கி வாசிக்கிறது; இறுதியாக எஞ்சியதைச் செக்டார் செக்டாராகச் சுரண்டுகிறது. தட்டு நடுவழியில் நின்றுபோனாலும் அதற்குள் பெரும்பகுதி நம் கையில் இருக்கும்.

கட்டளையில் மூன்றைக் கொடுக்க வேண்டும்: முதலில் பழுதான தட்டு, அடுத்து பிரதி போய்ச் சேரும் தட்டு அல்லது கோப்பு, மூன்றாவதாக மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் வெற்றுத் தட்டு உங்கள் தரவின் மேல் எழுதப்படும். ஆகவே கட்டளையை இயக்கும் முன், இரு தட்டுகளின் மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் அவற்றின் மேல் ஒட்டியுள்ள தாளோடு ஒப்பிட்டு, இயன்றால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான தட்டைப் பிளாக்டெவ் கட்டளையால் வாசிப்புக்கு மட்டும் என்று முன்கூட்டியே பூட்டிவைப்பது கூடுதல் காப்பு. மேப் கோப்பை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள், அதைப் பென் டிரைவிலோ நல்ல தட்டிலோ நிலையாகச் சேமியுங்கள். எந்த செக்டார் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதற்கான கணக்கு அதில்தான் உள்ளது. மின்சாரம் போனாலும், தட்டு சூடாகி நாமே நிறுத்தினாலும், அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

முதல் சுற்றில் சுரண்டல் கட்டத்தைத் தவிர்க்கும் சிறிய 'என்' (-n) தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முடிந்த பின், இரண்டாம் சுற்றில் அந்தத் தெரிவை நீக்கிவிட்டு, நேரடி வாசிப்புக்கான 'டி' (-d) தெரிவையும், மும்முறை மறுமுயற்சிக்கான சிறிய 'ஆர்' (-r3) தெரிவையும் சேர்க்கலாம். ஓரிடத்தில் தட்டு அடிக்கடி தொங்கினால், பெரிய 'ஆர்' (-R) தெரிவைக் கொடுத்து, தட்டின் இறுதியிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் செய்யுங்கள். முன்னோக்கிச் சென்றால் தடுக்கும் பகுதியை மறுபக்கத்திலிருந்து நெருங்கும்போது கணிசமான அளவு கிடைப்பது உண்டு.

எவ்வளவு நேரமாகும்? விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டெராபைட் தட்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே தட்டு விநாடிக்கு 1 எம்பி என்று தவழ்ந்தால் 11 நாட்களைத் தாண்டும். தொடக்கத்திலிருந்தே எல்லா இடத்திலும் அப்படித் தவழ்கிறது என்றால், அது செக்டார் கெட்டதன் அடையாளம் அல்ல, தலை பலவீனமாகிவிட்டதன் அடையாளம். ஈடு செய்ய முடியாத தரவானால் அங்கேயே நிறுத்தி ஆய்வகத்தை நாடுவது என் அழுத்தமான பரிந்துரை. வேகம் நன்றாக இருந்து இடையிடையே மட்டும் தடுமாறினால் தொடரலாம். ஓடும் நேரமெல்லாம் தட்டின் மேல் ஒரு சிறு விசிறி காற்று வீசட்டும். புதிதாகத் தட்டும் ஒலி எழுந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

முழுப் பிரதிக்கு முன் தேவையான கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. தட்டு பெரும்பாலும் நலமாக இருந்து, எந்தக் கோப்புறை வேண்டும் என்பதும் துல்லியமாகத் தெரிந்தால், அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் வாசிப்புக்கு மட்டும் என்று இணைத்தாலும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் ஜர்னலில், அதாவது முடிவுறாத மாற்றங்களின் பதிவில், உள்ளவற்றைத் தட்டில் எழுதிச் சரிசெய்துகொள்ளும் என்பதால், அதற்கு நோலோட் (noload) என்ற தெரிவையும் சேர்த்தே இணைக்க வேண்டும். கோப்புறைகளைத் திறந்து திறந்து தேடும் நிலையில் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். தேடல் முழுவதையும் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'இந்தத் தட்டைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கிறது, அல்லது கோப்பு முறைமை ரா (RAW) என்று தெரிகிறது

வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டுத் தட்டைக் கழற்றுங்கள். தரவின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு வழிகாட்டும் தொடக்கப் பகுதியை மட்டும் விண்டோஸால் படிக்க முடியவில்லை. இந்த அறிகுறியைத் தருக்கப் பிழை என்று மட்டும் எண்ணிவிடுவது ஆபத்து, ஏனெனில் அந்தத் தொடக்கப் பகுதியில் ஒரு கெட்ட செக்டார் விழுந்தாலும் இதே செய்திதான் வரும். ஆகவே இங்கும் முதலில் டிடிரெஸ்க்யூ பிரதி. அதன் பின் எந்த முயற்சியும் பிரதியின் மேல்தான்.

செக்டிஸ்க் இந்த இடத்தில்தான் அதிக நாசம் செய்கிறது. கோப்பு முறைமையை முரணற்றதாக ஆக்குவதே அதன் பணி, உங்கள் கோப்புகளைக் காப்பது அன்று. படிக்க முடியாத பதிவை அது நீக்கிவிடும், அட்டவணையைத் திருத்தி எழுதும், தாய்க் கோப்புறையை இழந்தவற்றைப் பெயரற்ற துண்டுகளாக ஒரு மூலையில் குவிக்கும். கெட்டுக்கொண்டிருக்கும் தட்டில் தவறாக வாசித்ததையே உண்மை என நம்பி அது இத்தனையும் செய்யும்போது, மீட்டிருக்கக்கூடிய கோப்புறை அமைப்பு என்றென்றைக்குமாகப் போய்விடுகிறது. லினக்ஸின் எஃப்எஸ்சிகே கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பிரதியின் மேல் முதலில் கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் கருவியை இயக்குங்கள். கோப்பு முறைமைகளை வடிவமைத்தவர்கள் இத்தகைய நாளை எண்ணியே மாற்றுப் பிரதிகளை வைத்திருக்கிறார்கள்: என்டிஎஃப்எஸ் முறையில் பூட் செக்டாரின் நகல் பார்ட்டிஷனின் இறுதியிலும், ஃபேட்32 முறையில் 6ஆம் செக்டாரிலும், எக்ஸ்ஃபேட் முறையில் 12ஆம் செக்டாரிலிருந்தும் உள்ளன, ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணைக்குத் தட்டின் கடைசியில் இன்னொரு நகல் உண்டு. டெஸ்ட்டிஸ்க் இவற்றைத் தேடி ஒப்பிட்டு, கோப்புகளைப் பெயரோடும் கோப்புறையோடும் காட்டும். காட்டியதும் அவற்றை வேறு தட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம்.

அது கைகொடுக்காதபோது ஃபோட்டோரெக். பெயரில் படம் இருந்தாலும் ஆவணம், ஒலி, காணொளி என நூற்றுக்கணக்கான வகைகளை அது அறியும். கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்க அடையாளத்தையும் தேடி உருவுவது அதன் முறை. எனவே பெயர்களும் கோப்புறைகளும் கிடைக்காது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய காணொளிகள் முழுமையாக வராமல் போகலாம். பல்லாயிரம் படங்களைப் பிற்பாடு வகைப்படுத்தும் உழைப்பு பெரிது என்பதால், டெஸ்ட்டிஸ்கை முழுதாக முயன்று பார்க்காமல் இதற்குத் தாவ வேண்டாம்.

தட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பூட்டிய நிலையிலேயே பிரதி எடுத்துவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கொண்டு பிரதியைத் திறக்கலாம். சாவி இல்லாமல் எந்த ஆய்வகமும் உதவ முடியாது. சாவியைத் தேடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தட்டு நலம், கோப்புகளைத்தான் தவறுதலாக அழித்துவிட்டோம்

வழி இதே பிரதியும் இதே கருவிகளும்தான். ஆனால் சுழலும் தகடுகள் இன்றிச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால் கால அளவு மிகக் குறுகியது. கோப்பை அழித்ததும் இயங்குதளம் டிரிம் கட்டளையால் அந்த இடம் தேவையில்லை என்று தெரிவித்துவிடும். அதன் பின் அந்த இடத்தை வாசித்தால் பெரும்பாலும் பூஜ்யங்களே வரும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி ஷிங்கிள்டு முறையில் எழுதும் வன்தட்டுகள் சிலவும் டிரிம் கட்டளையை ஏற்கின்றன என்பதால், வன்தட்டுதானே என்று காலம் தாழ்த்துவது நல்லதல்ல. எஸ்எஸ்டி திடீரெனக் காணாமல் போனால், அது பொதுவாகக் கட்டுப்பாட்டுச் சிப்பின் அல்லது ஃபர்ம்வேரின் பழுது. ஒலியோ, மெதுவாகும் அறிகுறியோ முன்னதாக வர வேண்டும் என்பதில்லை.

மீட்டதைச் சரிபார்த்தல்

கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரி என்று ஆகிவிடாது. டிடிரெஸ்க்யூ வாசிக்க முடியாத இடங்கள், பிரதி போய்ச் சேர்ந்த தட்டில் ஏற்கெனவே இருந்ததையோ பூஜ்யங்களையோ தாங்கியிருக்கும்; அத்தகைய துளை விழுந்த கோப்பு, பட்டியலில் நல்ல கோப்பைப் போலவே தோன்றும். எந்தக் கோப்புகளில் துளை விழுந்தது என்று அறிய டிடிரெஸ்க்யூவிலேயே வழி உண்டு. அதன் நிரப்பும் முறையைப் பயன்படுத்தி, மேப் கோப்பில் கெட்டவை எனக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும், பிரதியில், வேறெங்கும் வராத ஒரு சொற்றொடரை எழுதச் செய்யுங்கள். பிறகு அந்தச் சொற்றொடர் வரும் கோப்புகளைத் தேடினால், சேதமானவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். இதைப் பிரதியின் இன்னொரு நகலில் செய்வது பாதுகாப்பானது. சுருக்கப்பட்ட தொகுப்புக் கோப்புகளை அவற்றின் மென்பொருளிலேயே சோதிக்கலாம்; படங்களையும் காணொளிகளையும் ஆவணங்களையும் திறந்து, இறுதிவரை பாருங்கள்.

ஆய்வகத்திடம் ஒப்படைக்க நேர்ந்தால், என்ன நடந்தது, அதன் பின் எந்தெந்த மென்பொருளை ஓட்டினீர்கள், எத்தனை முறை மின்சாரம் கொடுத்தீர்கள், எந்தக் கோப்புறைகள் மிக முக்கியம் என்பவற்றை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். தலைகளை மாற்றிய பின்னும் தட்டு சிறிது நேரமே ஓடும் என்பதால், எதை முதலில் வாசிப்பது என்பதை அவர்கள் அந்தக் குறிப்பைக் கொண்டே தீர்மானிப்பார்கள். தூசியற்ற அறையில்தான் திறக்கிறார்களா, கட்டணம் தரவு கிடைத்தால் மட்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மீட்ட தரவு இரண்டு வெவ்வேறு தட்டுகளில் சேர்ந்து, சரிபார்ப்பும் முடியும்வரை பழைய தட்டை அழிக்காமல், உலர்ந்த இடத்தில், மின்சாரம் கொடுக்காமல் வைத்திருங்கள்.